வெட்டிய ஒன்பது விநாடி

ஜூன் 4

அண்ணி,

இல்லை, அழவில்லை. நீங்கள் கேட்கவில்லைதான். இந்த இரண்டு வாரத்தில் என்னைப் பார்த்த எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான் என்பதால் பதில் வாயிலேயே நிற்கிறது. அழவில்லை என்றதும் சிலர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தெரிகிறது.

தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் எண்ணை யாரோ பொதுவில் போட்டுவிட்டார்கள். கண் விழித்தால் நானூறு தவறிய அழைப்புகள். தோழி ஒருத்திக்கு "ஆள விடுங்கப்பா" என்று ஒரு வரி அனுப்பினேன். மறுநாள் அது படமாகி, "திமிரைப் பாருங்கள்" என்ற தலைப்போடு சுற்றியது. சிம் கார்டைக் கழற்றி ஸ்க்ரூ டப்பாவில் போட்டுவிட்டேன். கடை எண்ணிலிருந்து உங்களுக்கு மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. அண்ணனை அழைத்தேன். "அவள இதுல இழுக்காத" என்றான். இழுக்கவில்லை. எழுதுகிறேன்.

செய்தியில் வந்தது பாதி. முழுதும் இது.

நீங்கள் ஊர் மாறுவதற்கு முன் நாம் கடைசியாகச் செய்த வீடியோ, சீலிங் ஃபேனில் கண்டென்சர் மாற்றுவது. அதைப் பார்த்து ஒரு தையல்காரம்மா தன் வீட்டு ஃபேனைத் தானே சரிசெய்ய ஸ்டூலில் ஏறியிருக்கிறார். சுவிட்சை அணைத்திருக்கிறார். மெயினையும் அணைத்திருக்கிறார். கண்டென்சரின் வயரைத் தொட்டதும் ஷாக். பெரும்பாலான ஃபேனில் உள்ளே தங்கியது தானாக இறங்கிவிடும். காயிலில் வயர் விட்டுப்போன ஃபேனில் இறங்காது. அவருடையது அப்படிப்பட்டது. பெரிய ஷாக் இல்லை. ஆனால் ஸ்டூலின் மேல் நிற்பவருக்குச் சின்னது போதும். விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. அவருடைய அக்கா மகள் மாவுக்கட்டைப் படம்பிடித்து, "இந்தப் பெண் சொன்னபடி செய்ததால்" என்று எழுதிப் போட்டாள்.

அன்று மாலையே நேரலையில் வந்தேன். முட்டாள்தனம் அதுதான். "கரண்ட நிறுத்துனாலும் கண்டென்சர்க்குள்ள கொஞ்சம் தங்கியிருக்கும், பல்பு வச்சு அத எறக்கிட்டுத்தான் கைவைக்கணும்னு தெளிவாச் சொல்லியிருக்கேன். சந்தேகம்னா போய்ப் பாருங்க" என்றேன்.

போய்ப் பார்த்தார்கள். இல்லை.

என் வீடியோவை நான் பார்ப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். என் குரல் எனக்கே ஆகாது. பேசி முடித்தால் என் வேலை முடிந்தது, மிச்சம் உங்களுடையது என்று நான்கு வருடம் இருந்துவிட்டேன்.

ஆகவே இப்போது நான் கவனமில்லாதவள் அல்ல. அப்படி இருந்தால் விட்டிருப்பார்கள். பொய்க்காரி. இன்னொருவர் விழுந்துவிடக் கூடாது என்று வீடியோவைச் சேனலிலிருந்து நீக்கினேன். "ஆதாரத்தை அழித்தாள்." விட்டுவைத்திருந்தால் "கொழுப்பு." நம் சேனலுக்குக் 'கழட்டிப் பார்க்கலாம்' என்று பெயர் வைத்தபோது சிரித்தோமே, அந்தப் பெயரை வைத்து ஒரு பெண்ணை என்னென்ன சொல்ல முடியுமோ அத்தனையும் சொல்லிவிட்டார்கள். கற்பனை வறட்சிதான் எனக்கு வருத்தம். அத்தனை பேருக்கும் ஒரே ஜோக்.

விளம்பரத்துக்காக நமக்கு ஸ்க்ரூடிரைவர் கொடுக்கும் நிறுவனம், நான் வீடியோவில் படிக்க நான்கு வரி மன்னிப்பு எழுதி அனுப்பியிருக்கிறது. "சொல்லாததைச் சொன்னதாகப் பொய் சொன்னேன்" என்பது மூன்றாவது வரி. வெளிர்நிற உடையில், ஒப்பனை இல்லாமல் படித்தால் நல்லது என்று ஒரு குறிப்பு வேறு. இந்த மாதக் கடைசிக்குள் படிக்காவிட்டால் விலகிவிடுவார்களாம்.

நான் சொன்னேன், அண்ணி. அந்த வாக்கியத்தின் வடிவம் நாக்கில் இருக்கிறது. ஆனால் நாக்கை ஆதாரமாக யாரிடமும் காட்ட முடியாது. அசல் பதிவு நீங்கள் எடுத்துப்போன கறுப்பு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அந்த ஒரு பதிவை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். சொன்னேனா, இல்லையா.

இல்லையென்றால் அந்த மூன்றாவது வரியை நானே படிக்கிறேன். வெளிர்நிற உடை இல்லை. கடை மேல்சட்டையில் படிப்பேன்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 9

ஸ்பேனர்,

உன் கடிதத்தை உன் அண்ணன் இரண்டு நாள் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தார். நானும் ஒரு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

இங்கே எனக்குச் செய்திச் சேனலில் எடிட்டிங் வேலை என்பது உனக்குத் தெரியும். ஆறு மாதம் தகுதிகாண் பருவம், இது மூன்றாவது மாதம். ஜன்னல் இல்லாத அறையில் எட்டு மேசை, எட்டுத் திரை. செய்திப் பொறுப்பாளர் கதவில் சாய்ந்து நின்று "பஸ் விபத்து பதினஞ்சு விநாடி, அமைச்சர் முப்பது" என்று சொல்லிவிட்டுப் போவார். எந்த மேசையைப் பார்த்துச் சொன்னாரோ அந்த மேசைக்கு அது. கைபேசியை வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நீ அழைத்தபோது எடுக்காததற்கு இதைக் காரணமாக எழுதலாம் என்று பார்த்தேன். ஒரு அழைப்புக்கு அது உண்மை. மற்ற இரண்டும் நான் வீட்டில் இருக்கும்போது வந்தவை.

டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. எந்தப் பெட்டியில் என்றும் தெரியும். பிரிக்கவில்லை.

சொன்னேனா இல்லையா என்று கேட்கிறாய். அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. சொல்லியிருந்தால் அது எங்கே போனது, யார் கையால் போனது. அதை நீ எழுதவில்லை. எழுதாமல் விட்டது மரியாதையா, கெட்டிக்காரத்தனமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான்கு வருடம். இருநூற்றுப் பதினோரு வீடியோ. ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. ஒரு தடவை கேட்டேன், கடைசியில் சின்ன எழுத்தில் போடலாமே என்று. கடையில் நீ ஒரு இஸ்திரிப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "யாரு அண்ணி அதெல்லாம் படிப்பாங்க" என்றாய். சரி, போகட்டும். நாங்கள் வீடு காலி செய்த வாரம் உன் அண்ணன் உன்னிடம் கேட்டார், இனி வீடியோ வேலையை யார் செய்வார்கள் என்று. "வெட்டி ஒட்டறதுதானே, யாரையாச்சும் பாத்துக்கலாம்." நான் சமையலறையில் கண்ணாடி டம்ளர்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். கேட்டது.

பெயர் இல்லாததால் இன்று என்னைத் திட்ட ஒருவராலும் முடியவில்லை. அந்த வகையில் உனக்கு நன்றி.

அந்த நான்கு வரியைப் படித்துவிடு. நான் தினமும் பார்க்கிறேன். மன்னிப்புக் கேட்டவரை மூன்று நாளில் மறந்துவிடுவார்கள். கேட்காதவரைத்தான் வைத்து வைத்து ஓட்டுவார்கள். கமெண்ட் எதையும் படிக்காதே. சாப்பிடு.

அண்ணி


ஜூன் 13

அண்ணி,

"யாரு படிப்பாங்க" என்றது நான்தான். "வெட்டி ஒட்டறதுதானே" என்றதும் நான்தான். இரண்டும் மட்டமான பேச்சு. நீங்கள் போகிறீர்கள் என்பதில் எனக்குக் கோபம். போகாதீர்கள் என்று சொல்லத் தெரியாமல், போனால் எனக்கென்ன என்கிற மாதிரி பேசினேன். இது விளக்கம்தான். நியாயம் இல்லை.

கமெண்ட் படிக்கிறேன். கடை திறந்ததும் இருபது. உரக்க. பக்கத்துக் கடைச் சாவிக்காரர் டீ டம்ளரோடு வந்து நின்று மார்க் போடுகிறார்.

"பொம்பளைக்கு எதுக்கு ஸ்க்ரூடிரைவர்."

"இது போன வாரமே வந்துச்சே. ஒண்ணு."

"இவள் கையை உடைக்க வேண்டும்."

"உணர்ச்சி இருக்கு, புதுசா ஒண்ணுமில்ல. ரெண்டு."

"இவளைக் கண்டென்சரோடு கட்டிவைத்து ஷாக் கொடுக்க வேண்டும், இறக்காமல்."

"பாருங்க, இறக்கணும்னு தெரிஞ்சு வச்சிருக்கான். உங்ககிட்ட படிச்ச பையன்தான். அஞ்சு போடுங்க."

ஒன்றுக்கு மட்டும் அவர் மார்க் போடவில்லை. என் கடை ஷட்டரின் நிறம், நான் பூட்டும் நேரம், பஸ்ஸுக்குப் போகும் சந்து, எல்லாம் சரியாக எழுதியிருந்தது. அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். "நீங்க ஏன்மா இதெல்லாம் போடுறீங்க?" என்று கேட்டார் எழுதி வாங்கியவர். ஃபேன் ரிப்பேரையா, என்றேன். ரசீது கொடுத்தார். அன்றிலிருந்து சாவிக்காரர் பஸ் நிறுத்தம் வரை கூட வருகிறார். தன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே நடக்கிறார், அவ்வளவுதான்.

நேற்று தையல்காரம்மாவைப் பார்க்கப் போனேன்.

அக்கா மகள் கதவைத் திறந்தாள். பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். "வீடியோ எடுக்கவா வந்தீங்க?" என்றாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். போன்கூடக் கொண்டுபோகவில்லை. உள்ளே விட்டாள்.

ஒரே அறை. தையல் மெஷின் விரிப்புப் போட்டு மூடியிருந்தது. சுவரோரமாகத் துணிக் கட்டுகள், ஒவ்வொன்றிலும் அளவுச் சீட்டு குத்தியிருந்தது. நான் உட்கார்ந்திருந்தபோதே ஒரு பெண் வந்து தன் கட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள். "வேற எங்கயாச்சும் குடுத்துக்கறேன்க்கா, தப்பா நெனைக்காதீங்க." ஃபேன் இன்னும் பாதி பிரித்தபடியே மேலே தொங்கியது.

"நீதானா? வீடியோல ஒயரமாத் தெரிஞ்ச" என்றார்.

"கேமராவக் கீழ வச்சு எடுப்பாங்க."

"நான் மூணு தடவ பாத்தேம்மா. நிறுத்தி நிறுத்தி. சீட்டுல எழுதி வச்சுக்கிட்டுத்தான் ஏறுனேன்."

சீட்டைக் காட்டினார். அளவு எழுதுகிற அதே மாதிரிச் சீட்டு. ஒன்று முதல் எட்டு வரை. என்னுடைய எட்டுப் படி, என் வார்த்தைகளில். நாலு, மூடியைக் கழட்டணும். அஞ்சு, வயரப் பிரிக்கணும். நடுவில் ஒன்றும் இல்லை.

என்னைத் திட்டுகிறவர்களில் ஒருவர்கூட இவ்வளவு கவனமாக என்னைக் கேட்டதில்லை, அண்ணி.

"மன்னிச்சிருங்க" என்றேன்.

"இத ஏன் வெளிய சொல்ல மாட்டேங்கற? பிடிவாதமாமே."

"வெளிய கேக்கறது வேறக்கா. நான் பொய் சொன்னேன்னு சொல்லச் சொல்றாங்க."

"சொன்னியா?"

"தெரியல."

"தெரியலயா? உன் வாயிதான?"

தைக்காமல் கிடக்கிற துணியில் ஏதாவது உதவி செய்யட்டுமா என்று கேட்டேன். "உனக்குப் பட்டி அடிக்கத் தெரியுமா?" என்றார். தெரியாது. "அப்பக் கெளம்பு. தெரியாத வேலையப் பாத்து நான் பட்டது போதும்."

அந்தப் பெட்டியைப் பிரியுங்கள். எனக்காக வேண்டாம். "உன் வாயிதான" என்று ஒருவர் நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார், எனக்குத் தெரிய வேண்டும். யார் வெட்டியது என்று நான் வெளியே சொல்லப் போவதில்லை. உங்கள் பெயர் எப்போதும்போல எங்கும் இருக்காது.

நாத்தனார்


ஜூன் 18

ஸ்பேனர்,

சொல்லியிருக்கிறாய்.

பதினேழாவது நிமிடம் இருபத்திரண்டாவது விநாடியிலிருந்து ஒன்பது விநாடி. "கரண்ட நிறுத்தியாச்சுன்னு நம்பிக் கைவைக்காதீங்க" என்று தொடங்குகிறது. தெளிவாகச் சொல்கிறாய். திக்கவில்லை. பல்பைத் தூக்கிக் காட்டவும் செய்கிறாய்.

வெட்டியது நான்.

நம் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. எழுதிப் பார்த்தால் எனக்கே புரியும் என்று எழுதுகிறேன். பேசும்போது தப்பாகிவிட்டால் நீ இரண்டு முறை கை தட்டுவாய். திரையில் ஒலிக்கோட்டில் இரண்டு ஊசி பக்கத்தில் பக்கத்தில் எழும்பும். இந்த வரி வேண்டாம், அடுத்து வருவதை எடுத்துக்கொள் என்று அர்த்தம். அந்த ஊசிகளைக் கண்டதும், அதற்கு முன் நீ மூச்சு வாங்கிய இடம் வரை வெட்டி எறிவேன். கேட்க மாட்டேன். கேட்காமல் வெட்டுகிறேன் என்பதில் எனக்கு ஒரு பெருமையே இருந்தது. நாற்பது நிமிடத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன், வேறு யாரால் முடியும்.

அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இரண்டு ஊசி இருந்தது. அதனால் வெட்டினேன். முடித்த பிறகு முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அன்று பார்க்கவில்லை. சமையலறையில் உன் பேச்சைக் கேட்ட மறுநாள் அது. வெட்டி ஒட்டறதுதானே என்று வீடியோவைச் சேனலில் ஏற்றிவிட்டு, லாரியில் எத்தனை பெட்டி ஏறியது என்று பார்க்கப் போய்விட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இந்த ஐந்து நாள்.

உன் நேரலைக்கு மறுநாள் காலை, பொறுப்பாளர் கதவில் சாய்ந்து, "ஃபேன் பொண்ணு, நாப்பது விநாடி" என்றார். என் மேசையைப் பார்த்து. அவருக்கு ஒன்றும் தெரியாது. அது என் நாத்தனார் என்று சொல்ல எனக்கு ஒரு விநாடி இருந்தது. சொல்லவில்லை. மூன்றாவது மாதம், புது ஊர், எட்டு மேசையில் நான் ஒருத்திதான் பெண். "போய்ப் பாருங்க" என்று நீ சொல்கிற இடத்தில் வெட்டினேன். அங்கே அந்த ஃபேன் வீடியோவை வைத்தேன். அந்த வாக்கியம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக ஓடுகிறது. பிறகு மறுபடி உன் முகம், பாதி மூடிய கண்ணோடு நிறுத்தினேன். "ஷார்ப்பா இருக்கு" என்றார்.

எல்லோரும் பகிர்கிற அந்தத் துண்டு நான் செய்தது. உன் முகத்தை எங்கே நிறுத்தினால் பொய் சொல்கிற மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான்கு வருடமாக அந்த இடங்களைத்தான் வெட்டி எறிந்துகொண்டிருந்தேன்.

போனை எடுக்காததற்குக் காரணம் இதுதான். பெட்டியைப் பிரிக்காததற்கும்.

டிஸ்கை இதனுடன் அனுப்புகிறேன். பிரதி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. என்ன வேண்டுமானாலும் செய்.


ஜூன் 23

அண்ணி,

முதலில் அந்த நாற்பது விநாடி. கடிதத்தின் அந்தப் பக்கத்தைப் படித்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். தெருமுனை வரை நடந்து திரும்பினேன். பிறகு மறுபடி படித்துவிட்டு மறுபடி நடந்தேன். சாவிக்காரர் "என்ன, இன்னிக்கு நடைப்பயிற்சியா?" என்றார். மன்னித்தேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் அந்த நான்கு வரி மாதிரி ஆகிவிடும். அது அப்படியே இருக்கட்டும், அதன் இடத்தில்.

டிஸ்கைக் கடைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். என் குரலை நாற்பத்தொரு நிமிடம் முழுதாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. உங்களுக்கு நான் நினைத்ததைவிடப் பொறுமை அதிகம்.

நீங்கள் ஒன்றை எழுதவில்லை. பார்த்தீர்களா, பார்த்தும் விட்டுவிட்டீர்களா என்று தெரியவில்லை.

நான் கை தட்டவில்லை. அந்த வரியைச் சொல்லி முடித்து, பல்பை மேசையில் வைக்கிறேன். கையைப் பார்க்கிறேன். ஃபேன் இறக்கையிலிருந்த கரித்தூசி இரண்டு உள்ளங்கையிலும் அப்பியிருக்கிறது. தட்டிவிடுகிறேன். இரண்டு தடவை. தூசி வெளிச்சத்தில் பறக்கிறது. பிறகு நேராக ஐந்தாவது படிக்குப் போய்விடுகிறேன்.

தட்டினால் அதே வரியைத் திருப்பிச் சொல்வேன், சொல்லவில்லையே என்று நீங்கள் கவனித்திருக்கலாம். பக்கத்திலேயே கிடந்த துணியில் நான் கையைத் துடைத்திருக்கலாம். உலகத்தில் வேறு எந்த இரண்டு பேருக்கும் இந்தத் தப்பு நடந்திருக்காது.

ஆதாரம் கிடைத்தால் அதை நீட்டி, இப்ப என்ன சொல்றீங்க என்று கேட்கலாம் என்றுதான் காத்திருந்தேன். கிடைத்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் வெட்டச் சொல்லி சைகை காட்டியது என் கை.

சரி. இனி செய்யப் போவது.

மன்னிப்பு வாசகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன், மூன்றாவது வரியை அடித்து. விலகுவதாக மறுநாளே பதில் வந்தது, மிக அழகான மொழியில். அவர்கள் ஸ்க்ரூடிரைவர் முனை சீக்கிரம் மழுங்கும், அதையும் இனி சொல்லலாம்.

முழுப் பதிவையும் ஏற்றப் போகிறேன். வெட்டாமல். தும்மல், தட்டல், இறக்கையை நான் திட்டுவது எல்லாம் இருக்கும். முன்னால் மூன்று நிமிடம் பேசுவேன். நம் வழக்கம் என்ன, எங்கே தவறியது, யாருக்கு அடிபட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். மற்றவர்களிடம் கேட்க ஒன்றும் இல்லை.

அந்த மூன்று நிமிடத்தில் உங்களை எப்படிச் சொல்வது? "எடிட் செய்தவர்" என்று விட்டுவிடலாம். ஆனால் கமெண்டில் கிடப்பவர்கள் தோண்டுவார்கள், அவர்களுக்கு வேறு வேலை இல்லை. அதனால் நானே எடிட் செய்தேன் என்றும் சொல்லலாம். அது பொய்தான். பொய்க்காரி என்ற பட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது, ஒரு தடவையாவது பயன்படட்டும்.

உங்கள் வேலை உங்கள் கையில். ஜூலை ஒன்று வரை ஏற்றாமல் வைத்திருப்பேன்.

நாத்தனார்


ஜூன் 27

ஸ்பேனர்,

நீயே எடிட் செய்ததாகச் சொன்னால் உன் கடை வாசலைக்கூட மிதிக்க மாட்டேன். என் வேலையை உன்னுடையதாக நீ காட்டுவது அது இருநூற்றுப் பன்னிரண்டாவது தடவையாக இருக்கும்.

தூசியைப் பார்த்தேன். உன்மேல் பாதிப் பழியைப் போடுகிற மாதிரி ஆகிவிடும் என்று எழுதவில்லை. நீயாகவே பார்த்துக்கொண்டாய். சரி.

உன் அண்ணன் குதிக்கிறார்.

"உன் பேரு எதுக்கு நடுவுல?"

"நடுவுல இல்ல. கடைசில."

"வேல போயிரும்டி. அவ இழுத்த வம்புக்கு நீ ஏன்?"

"வெட்டுனது நான்."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும்."

அதற்கப்புறம் தட்டோடு எழுந்து போய்விட்டார். இன்று காலை கிளம்பும்போது, "முழுப் பேரும் போடச் சொல்லு, இனிஷியல் என்னோடது" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. ஆனால் கோபமும் இல்லை.

நீ சொல்லி அவர்களுக்குத் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று பொறுப்பாளரிடம் போனேன். அவர் அறையில் ஆறு திரை, ஆறிலும் வேறு வேறு சேனல், ஒன்றிலும் சத்தம் கிடையாது.

"சார், அந்த ஃபேன் பொண்ணு என் நாத்தனார். அந்த வீடியோவ எடிட் பண்ணதும் நான்தான். அந்த வரிய வெட்டுனது நான்தான். நம்ம சேனல்ல போன நாப்பது விநாடியும் நான்தான்."

நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். "அப்ப நியூஸே நீதானேம்மா" என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும் சார். நீங்களும் கேட்டிருக்கலாம், அந்த வரி எங்க போச்சுன்னு. எத்தன விநாடின்னுதான் சொன்னீங்க."

என் வாயா அது என்று எனக்கே சந்தேகம். உன்னோடு நான்கு வருடம் இருந்த தோஷம்.

திங்கட்கிழமையிலிருந்து எனக்கு வானிலை. மேகம் இடமிருந்து வலமாக நகரும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. தகுதிகாண் பருவம் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. திருத்தம் ஒளிபரப்புவீர்களா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும்.

பெயரைப் போடு. முழுதாக. சின்ன எழுத்தில் வேண்டாம்.

அண்ணி


ஜூலை 5

அண்ணி,

ஏற்றிவிட்டேன். ஒன்றாம் தேதி காலை பத்தேகாலுக்கு.

அதற்கு முன் கணினியைத் தூக்கிக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். ஊருக்குக் காட்டும் முன் அவருக்கு. ஒன்பது விநாடியை அவர் நான்கு தடவை பார்த்தார். அந்த அக்கா மகள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "நான் போட்டத எடுத்துறவா சித்தி?" என்றாள். "எதுக்கு? என் கை ஒடஞ்சது பொய்யா?" என்றார் தையல்காரம்மா. எடுக்க வேண்டாம் என்று நானும் சொன்னேன். கீழே என் பதிவையும் சேர்த்துப் போட்டாள். கட்டு பிரிக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதாம். என்னை உட்காரச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் எதையும் நான் எதிர்பார்த்துப் போகவில்லை.

இரண்டு நாள் நல்லவர்கள் வந்தார்கள். "ஸாரி அக்கா" என்று அறுநூறு பேர். அதில் பலருடைய பழைய வரிகள் எனக்கு மனப்பாடம், சாவிக்காரர் போட்ட மார்க்கோடு. மூன்றாம் நாள் மற்றவர்கள் திரும்பினார்கள். பதிவு இப்போது புதிதாக எடுத்ததாம். என் நகத்தின் நீளத்தைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு அளந்திருக்கிறார்கள். நாத்தனார் அண்ணியைக் காட்டிக்கொடுத்துவிட்டாளாம். இல்லை, அண்ணிதான் நாத்தனாரைத் திட்டம்போட்டுக் கவிழ்த்தாளாம். இந்த இரண்டு கட்சியும் தங்களுக்குள் அடித்துக்கொள்கின்றன. உங்களுக்கென்றே தனியாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. "வெட்டி அண்ணி" என்று பெயர். சாவிக்காரர் மூன்று மார்க் கொடுத்தார்.

நீங்கள் கமெண்ட் படிக்காதே என்றீர்கள். நீங்களும் படிக்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் தனியாகப் படிக்காதீர்கள். அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து உரக்கப் படியுங்கள். உரக்கப் படித்தால் அதில் பாதி வாக்கியமாகவே நிற்பதில்லை. வீட்டைச் சொல்லியோ நேரத்தைச் சொல்லியோ ஏதாவது வந்தால் மட்டும் சிரிக்காதீர்கள். தேதியோடு எடுத்துவைத்து அன்றே எழுதிக் கொடுங்கள். நான் நடந்துபோகும் சந்து, பூட்டும் நேரம் எல்லாம் எழுதியவனைக் காவல் நிலையத்தில் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். கடைக்கு ஒரு தடவை இஸ்திரிப் பெட்டி கொண்டுவந்தவனாம். நன்றாகத்தான் சரிசெய்து கொடுத்திருக்கிறேன்.

யாருக்கும் பதில் எழுதவில்லை. கமெண்டையும் மூடவில்லை. உண்மை தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று ஜூன் மாதம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். விடவில்லை. பரவாயில்லை. எனக்குத்தான் அது தெரிய வேண்டியிருந்தது. இப்போது அவர்கள் எழுதுவதைப் படிக்கும்போது, சொன்னேனா இல்லையா என்ற சந்தேகம் இல்லை. ஜூன் மாதம் அது இருந்தது, ஒவ்வொரு நாளும். அழவில்லை என்று எழுதினேனே, அதற்குப் பதிலாக அதுதான் இருந்தது.

அடுத்த வாரம் இரண்டு வீடியோ எடுக்கிறேன். வானிலை போக நேரம் இருந்தால் சொல்லுங்கள். இனி கை தட்ட மாட்டேன். தப்பானால் "தப்பு" என்று வாயால் சொல்கிறேன். ஏற்றுவதற்கு முன் நானும் முழுதாகப் பார்க்கிறேன், குரலைப் பொறுத்துக்கொண்டு. நேரம் இல்லையென்றால் வெட்டாமலே போடுகிறேன். நாற்பது நிமிடம் பார்க்கிற தையல்காரம்மாக்கள் எங்காவது இருப்பார்கள். நாற்பது விநாடி விஷயத்தில் மனம் மாறினால் எழுதுகிறேன். இன்னும் மாறவில்லை.

இந்தப் பக்கத்தின் பாதியில் ஒருவர் கவுண்டரில் வந்து நின்றார். ஐம்பது வயது, கையில் பையோடு மிக்ஸி. பையை உள்ளே நீட்டப் போனவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"நீங்கதானே அந்த..."

"ஆமா. அதே ஆள்தான்."

பையை விடவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. "வீட்டுல அங்க போகாதீங்கன்னாங்க."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "மத்த கட தூரம்."

"சத்தம் வருதா, சுத்தவே இல்லையா?"

"சுத்துது. கருகுற வாட வருது."

பேனாவை மூடிவிட்டு எழுந்தேன். பையை வாங்கி, ஜாரைத் தனியே எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்து, மிக்ஸியை மேசையில் கவிழ்த்து, அடியிலிருந்த நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன்.